செமன்டிக் எரர்: 8 எபிசோட்ல எது எடுபடுது, எங்க சறுக்குது? (சேலத்துல ஒரு குட்டி சீரிஸ் எடுக்கிறோம்)

மூக்கனேரிக்கரை:

வணக்கங்க. கொரியன் பிஎல் (பாய்ஸ் லவ், அதாவது ரெண்டு பசங்களுக்குள்ள வர்ற காதல் கதை) சீரிஸ் பார்க்கிறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். நாங்க நாலு பேர் சேர்ந்து தமிழ்ல ஒரு சின்ன வெப் சீரிஸ் எழுதிட்டு இருக்கோம். ரெண்டு பசங்களுக்குள்ள வர்ற காதல். 6 எபிசோட், ஒவ்வொண்ணும் 12 நிமிஷம். சேலத்துல ஒரு காலேஜ், ஏற்காட்டுல ரெண்டு நாள், லொகேஷன் அவ்வளவுதான். கைவசம் ஒரு கேமரா, ரெண்டு காலர் மைக், ஒரு எல்இடி பேனல்.

மாதிரிக்கு 'செமன்டிக் எரர்' எடுத்து வச்சிருக்கோம். பார்க்காதவங்களுக்காக: 2022 பிப்ரவரி 16-லிருந்து மார்ச் 10 வரைக்கும் கொரியாவோட வாட்சா ஸ்ட்ரீமிங் தளத்துல வாரம் ரெண்டுன்னு வந்த 8 எபிசோட். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற சாங்வூ, குரூப் ப்ராஜெக்ட்ல வேலையே செய்யாதவங்க பேரையெல்லாம் பிரசன்டேஷன்ல இருந்து தூக்கிடறான். அதுல ஒரு பேரு டிசைன் படிக்கிற சீனியர் ஜேயோங்கோடது. அவனுக்கு டிகிரி முடியாம நின்னு போயிடுது. பழி தீர்க்க வர்றான், அது காதல்ல போய் முடியுது.

எங்களுக்குள்ள ரெண்டு கட்சி. ஒருத்தர் இதைப் பாடப் புத்தகம்ங்கறார். இன்னொருத்தர் "ரெண்டு அழகான பசங்க, அதுக்கு மேல என்ன இருக்கு"ங்கறார். "சூப்பரா இருந்துச்சு, மூணு தடவை பார்த்தேன்" மாதிரி பதில் வேண்டாங்க. எது எதனால நிக்குது, எது எதனால விழுது, நாங்க எதை எடுத்துக்கலாம், எதைத் தொடவே கூடாது? முடிவை உடைக்காம சொல்லுங்க. எங்கள்ல ஒருத்தர் இன்னும் 5-வது எபிசோடைத் தாண்டலை.


கத்தரிக்கோல்:

உங்க பாடப் புத்தகக் கட்சி முக்கால்வாசி சரி. ஆனா எந்தப் பாடம்னு பார்க்கணும்.

முதல் பலம், சண்டைக்கான காரணம். ரெண்டு பேரும் நேர்ல மோதிக்கிறதுக்கு முன்னாடியே சேதாரம் நடந்து முடிஞ்சிருச்சு. வேலை செய்யாதவன் பேரை எடுத்தது சாங்வூ கணக்குல நியாயம். அதனால ஒருத்தன் படிப்பே நின்னு போச்சுங்கறதும் நிஜம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கறதால ஒருத்தனை வில்லன்னு ஒதுக்க முடியலை. நம்ம ஊர் ஷார்ட் ஃபிலிம்ல பெரும்பாலும் என்ன பண்றோம்? வராண்டாவுல இடிச்சுக்கிறாங்க, புத்தகம் கீழே விழுது, பாட்டு ஆரம்பிக்குது. அதுல யாருக்கு என்ன நஷ்டம்? ஒண்ணும் இல்லை. அப்போ மூணாவது எபிசோட்ல சண்டை போட உங்களுக்குக் காரணமே இருக்காது.

ரெண்டாவது, தலைப்பு. சும்மா ஸ்டைலுக்கு வச்சதில்லை. ப்ரோகிராம்ல எழுத்துப் பிழை இருந்தா, அதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற கம்பைலரே கத்திடும். அர்த்தப் பிழை அப்படி இல்லை. சி மொழியில 5-ஐ 2-ஆல வகுக்கச் சொன்னா 2-ன்னு விடை வரும். நீங்க 2.5 எதிர்பார்த்திருப்பீங்க. எரர் மெசேஜ் வராது, ப்ரோகிராம் ஓடிக்கிட்டே இருக்கும், விடை மட்டும் தப்பு. சாங்வூ வாழ்க்கை அந்த மாதிரி. ஒரே கறுப்புத் தொப்பி, ஒரே சீட்டு, மெஷின்ல ஒரே டின் காபி. எல்லாம் ஒழுங்கா ஓடுது. ஜேயோங்கைத்தான் அவன் பிழைன்னு நினைக்கிறான். பிழை எங்க இருக்குங்கறதுதான் கதையே. ஒரு வரிக் கருத்து இவ்வளவு தெளிவா இருந்தா சீன் எழுதுறது பாதி சுலபம்.

மூணாவது, பொருள்களை வச்சே கதை சொல்றது. சாங்வூவுக்குச் சிவப்பு பிடிக்காது, ஜேயோங் உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் சிவப்பு போட்டுட்டு வர்றான். வழக்கமா உட்கார்ற இடத்தைப் பிடிச்சுக்கறான். இதுக்கெல்லாம் வசனமே தேவைப்படலை. இதுல நீங்க கவனிக்க வேண்டியது, அந்தப் பொருளோட அர்த்தம் திரும்பிப் போறது. பக்கத்து சீட்டுல ஆள் இருந்தப்போ எரிச்சல். அதே சீட்டு காலியா இருக்கறப்போ வேலை ஓட மாட்டேங்குது. நடிகர் பெருசா ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை. காலி சீட்டுக்கு ரெண்டு செகண்ட் ஷாட் போதும்.

பலவீனம் பின் பாதியில. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விரும்புறாங்கன்னு தெரிஞ்ச பிறகு எதிரே நிக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. வெளிநாட்டு வாய்ப்புங்கற தடை கடைசிப் பகுதியிலதான் கனமா வந்து உட்காருது, வந்த வேகத்துல தீர்ந்தும் போகுது. முதல் எபிசோட்லயே அதைப் பலமா ஊனி இருந்தா பின்னாடி இந்தத் தொய்வு வந்திருக்காது. இன்னொண்ணு, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கேம் செய்யறாங்க. சாங்வூ ப்ரோகிராம் எழுதணும், ஜேயோங் படம் வரையணும். அருமையான இடம். ஆனா அந்த வேலையை நாம பார்க்கிறது ரொம்பக் கம்மி. ஒரு படத்தை "இது சரியில்லை"ன்னு சாங்வூ திருப்பி அனுப்பி, ஜேயோங் திருத்திக் கொடுத்து, அப்படி மூணு நாலு முறை நடந்திருந்தா மரியாதை எங்க பிறந்துச்சுன்னு கண்ணால பார்த்திருப்போம். வேலை செய்யாத ஆளுன்னு பேரை அடிச்சதுலதானே கதையே ஆரம்பிச்சுது? ஜேயோங் வேலை செய்யறதைக் காட்டினாத்தான் அந்தக் கணக்கு நேராகும்.

இப்போ உங்க நீளத்துக்கு வர்றேன். இந்த சீரிஸ் மொத்தம் கிட்டத்தட்ட மூணு மணி நேரம். 2022 ஆகஸ்ட்ல அதையே சேர்த்து ஒட்டி தியேட்டருக்கும் கொண்டு வந்தாங்க. உங்களோடது 72 நிமிஷம், பாதிகூட இல்லை. "பகை, சந்தேகம், நெருக்கம், பிரிவு, சேர்க்கை" எல்லாத்தையும் அதுல அடைச்சா ஒவ்வொண்ணும் மாத்திரை சைஸ்லதான் இருக்கும். உங்களுக்கு அளவுல கிட்ட வர்றது 2020-ல வந்த 'வேர் யுவர் ஐஸ் லிங்கர்'. அதுவும் 8 எபிசோட், ஆனா ஒவ்வொண்ணும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். பணக்கார வீட்டுப் பையனும் அவனைக் காவல் காக்கிற நண்பனும் கதை தொடங்கும்போதே ஒரே வீட்டுல இருக்காங்க. அறிமுகத்துக்கு நேரமே செலவாகலை, முதல் எபிசோட்லயே பொறாமை வேலையை ஆரம்பிச்சிடுது. 12 நிமிஷ வடிவத்துக்கு இதுதான் வழி. உறவு ஏற்கெனவே இருக்கட்டும், அது இடம் மாறுறதை மட்டும் காட்டுங்க.

12 நிமிஷத்தை இப்படிப் பிரிச்சுப் பாருங்க. டைட்டிலும் முன்கதையும் சேர்ந்து 40 செகண்ட். நாலு சீன், ஒவ்வொண்ணும் இரண்டரை நிமிஷம். மிச்சம் ஒரு நிமிஷத்துச் சொச்சம் கடைசி சீனோட வாலுக்கு. ஒரு சீன்ல பதினாலு பதினஞ்சு வரிக்கு மேல வசனம் ஏறினா முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. பிஎல்-க்கு வர்றவங்க முகம் பார்க்கத்தான் வர்றாங்க. முத்தத்தை எங்க வைக்கிறதுன்னு கட்டாயம் சண்டை போட்டுக்குவீங்க. எங்க வேணா வைங்க, ஆனா அதுக்கு முந்தின சீன்லயே அடுத்த கேள்வியைக் கிளப்பி விட்டுடுங்க. இல்லைன்னா ஆள் அங்கேயே மூடிட்டுப் போயிடுவாங்க.


செவ்வாய்ப்பேட்டைக்காரி:

கத்தரிக்கோல் சொன்ன பலங்களை ஒத்துக்கறேன். ஆனா பெரிய ஓட்டையைத் தாண்டிப் போயிட்டார்.

முன் பாதியில ஜேயோங் செய்யறதை வரிசையா எழுதிப் பாருங்க. வகுப்புக்கு வகுப்பு பின்னாடியே வர்றான். உட்கார்ற இடத்தைப் பறிக்கிறான். குடிக்கிற காபியைக்கூட மெஷின்ல மிச்சம் வைக்காம வாங்கித் தள்றான். பேரும் முகமும் இல்லாம படிச்சா இது போலீஸ் புகார். சீரிஸ்ல இது ஏன் கடிக்கலைன்னா மூணு காரணம்: பின்னணி இசை விளையாட்டா இருக்கு, செய்யறவன் பார்க்க நல்லா இருக்கான், அனுபவிக்கிறவன் பயப்படாம எரிச்சல்பட்டுத் திருப்பி அடிக்கிறான். இதுல மூணாவது மட்டும்தான் எழுத்தாளர் வேலை. முதல் ரெண்டும் மேல்பூச்சு. உங்க கையில அந்தப் பூச்சு இல்லை. ஹீரோயின் பின்னாலயே சுத்துற ஹீரோவை நாம அம்பது வருஷம் பார்த்தாச்சு. ரெண்டு பக்கமும் பையனா மாத்திட்டதால அது சுத்தமாகிடாது.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. அங்க அவன் சீனியர். நம்ம காலேஜ்ல சீனியர் ஒருத்தன் ஜூனியரைத் தினமும் இப்படிப் பண்ணா அதுக்குப் பேரு ராகிங். தமிழ்நாட்டுல 1997-லயே தனிச் சட்டம் வந்த விஷயம். முதல் எபிசோட் கமென்ட்லயே யாராவது அதைக் கேட்பாங்க, கேட்கவும் வேணும். ஒண்ணு ரெண்டு பேரையும் ஒரே வருஷமாக்குங்க. இல்லை, தலைகீழா ஜூனியர் சீனியரைச் சீண்டட்டும். அதிகாரம் கீழே இருந்து மேலே போனா அதே குறும்பு நிஜமாவே சிரிப்பா இருக்கும்.

பெண் பாத்திரங்கள். ஜிஹே சாங்வூவை விரும்புறா, அதனால ஜேயோங்குக்கு வயிறு எரியுது, வேலை முடிஞ்சதும் ஒதுங்கிடறா. யூனா பரவாயில்லை, ஜேயோங்கை வாயாலயே நறுக்கற தோழி. ஆனா அவளுக்குன்னு என்ன வேணும்னு கடைசி வரைக்கும் தெரியாது. 12 நிமிஷத்துல நாலு பேருக்கு இடம் இல்லை, புரியுது. அப்போ ஒரே ஒரு பெண்ணை வைங்க. அவளுக்கு ஒரு சொந்தத் தேவை கொடுங்க, அது இவங்க ரெண்டு பேர் தேவையோட முட்டணும். ப்ராஜெக்ட்ல மார்க் போன மூணாவது ஆள் அவளாவே இருக்கலாமே.

கடைசியா அந்தக் குமிழி. அந்த உலகத்துல யாரும் எதிர்க்கறதில்லை. அப்பா, அம்மா, சொந்தக்காரங்க யாரும் கதை மேல பாரமா உட்கார்றதில்லை. கொரியாவுல நிஜ நிலைமை அப்படி இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரே பாலினத் திருமணத்துக்கு இன்னும் சட்டம் இல்லை. 2024 ஜூலையில அவங்க உச்ச நீதிமன்றம் கொடுத்தது மருத்துவக் காப்பீட்டுல துணைங்கற அங்கீகாரம் மட்டும். ஆக அந்தக் குமிழி வேணும்னே ஊதினது. அடி வாங்காம ஒரு காதலைப் பார்த்துட்டுப் போகலாம்ங்கற ஆறுதலுக்கு விலை இருக்கு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா சேலத்துல அது நிக்காது. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுல இருந்து "சாப்பிட்டியா"ன்னு போன் வராத காலேஜ் பையனை யாரும் நம்ப மாட்டாங்க. அதுக்காக அருவாளோட மாமாவை இறக்காதீங்க. அந்தப் போன் மட்டும் வரட்டும். பக்கத்துல அவன் இருக்கும்போது ஒரு தடவை எடுக்காம விடறான், அவ்வளவு போதும்.

சொல் விஷயத்துலயும் ஜாக்கிரதை. பாத்திரங்கள் வாயில "ஓரினச்சேர்க்கை" வந்தா எஃப்ஐஆர் படிக்கிற மாதிரி இருக்கும். தன்பால் ஈர்ப்புங்கற சொல் இப்போ பத்திரிகையிலயே புழங்குது. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, தமிழ்நாடு அரசே 2022-ல மரியாதையான சொற்களோட பட்டியல் அரசிதழ்ல வெளியிட்டிருக்கு. ஆனா பசங்க பேச்சுல அதுகூட வராது. "எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு" போதும்.


தட்டுவடைசெட்:

அந்த டின் காபி சீனை நம்ம ஊருக்கு மாத்தி, "ஹீரோ போய் கடையில இருக்கற தட்டுவடை செட் மொத்தத்தையும் வாங்கிடறான்"னு யாராவது எழுதுவீங்க. எழுதாதீங்க. அண்ணன் இன்னும் நாலு தட்டுவடையை எடுத்து, பீட்ரூட் கேரட் துருவல் வச்சு, ரெண்டு சட்னியும் தடவி, அரை நிமிஷத்துல அடுத்த செட்டை நீட்டிடுவார். வில்லத்தனம் எடுபடாது. மெஷின்ல இருக்கறது எண்ணி வச்ச சரக்கு, நடுவுல சமாதானம் பண்ண மனுஷனும் கிடையாது. அதனாலதான் அங்க அது வேலை செய்யுது. நம்ம ஊர்ல எண்ணி வச்ச சரக்குன்னா காலேஜ் பஸ் ஜன்னல் சீட்டு, லைப்ரரியில ஃபேனுக்கு நேர்கீழ இருக்கற நாற்காலி, ஹாஸ்டல்ல சுடுதண்ணி பக்கெட். மூணாவதைத் தொட்டா கொலை விழும், ஏற்காட்டு சீனுக்கு வச்சுக்கலாம்.


சேர்வராயன்காடு:

கதையைப் பத்தி மேல இருக்கறவங்க சொல்லிட்டாங்க. நான் ஏற்காட்டைப் பத்தி மட்டும் சொல்றேனுங்க.

அந்த சீரிஸோட சிவப்பை நீங்க காப்பி அடிக்கப் போறீங்கன்னு தெரியுது. காபித் தோட்டத்துப் பச்சை, சில்வர் ஓக் மரத்துச் சாம்பல், நடுவுல ஒரு சிவப்புச் சட்டை. நினைச்சாலே நல்லாத்தான் இருக்கும். ஆனா சின்ன கேமராவும் போனும் சுத்தச் சிவப்பைத் தாங்காது. சட்டை மடிப்பே தெரியாம ஒரே பெயின்ட் டப்பா கொட்டின மாதிரி வரும். வெளிச்சம் சரியா இருந்தாலும் சிவப்புச் சானல் மட்டும் நிரம்பி வழிஞ்சிடறதுதான் காரணம். செங்கல் நிறம், அரக்கு, மெரூன் எடுங்க. கேமராவுல வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரை ஸ்டாப் குறைச்சு வைங்க. பருத்தித் துணியா இருக்கட்டும், பாலியஸ்டர் பளபளப்பு இன்னும் கெடுக்கும். ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கலரைச் சரி பண்ற செட்டிங்) ஆட்டோவுல விட்டீங்கன்னா மூடுபனி வரும்போது ஒண்ணு, கலையும்போது ஒண்ணுன்னு சட்டை கலரே மாறும். 5600 கெல்வின்ல பூட்டிடுங்க.

மூடுபனி நம்ம சொல்றபடி நிக்காது. ஒரு சீன் நடுவுல வரும், அடுத்த வரிக்குப் போயிடும். அதனால ரெண்டு பேரும் சேர்ந்து தெரியற ஷாட்டை முதல்ல எடுத்து முடிங்க. அப்புறம் ஒவ்வொருத்தர் க்ளோஸப். கை, கப், செருப்பு மாதிரி துண்டு ஷாட்டெல்லாம் கடைசி. க்ளோஸப்ல பின்னாடி மங்கலாத்தான் இருக்கும், பனி இருந்தாலும் இல்லைன்னாலும் ஒட்டிக்கும்.

லென்ஸ் வேர்க்கும். மேல 1500 மீட்டர், கீழ சேலம் 280 மீட்டர் சுமாரு. குளிர்ந்த லென்ஸோட இறங்கி வந்து ஐந்து ரோட்டுல பையைத் திறந்தீங்கன்னா கண்ணாடி பூரா ஆவி புடிச்சுக்கும். துடைக்கத் துடைக்க வரும். ஜிப் போட்ட பைக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வச்சு, மூடினபடியே அரை மணி நேரம் விடுங்க. வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்க.

கொண்டை ஊசி வளைவுல கார்ல உட்கார்ந்து பேசற சீன் வைக்காதீங்க. மொத்தம் 20 வளைவு. ஒவ்வொண்ணுலயும் வெயில் இடது கன்னத்துல இருந்து வலது கன்னத்துக்குத் தாவும். எடிட்டிங்ல எதையும் எதோடயும் ஒட்ட முடியாது. வளைவு நம்பர் பலகை வேற ஃப்ரேம்ல விழும். 12-க்கு அப்புறம் 7 வந்துச்சுன்னா சேலத்துக்காரன் ஒருத்தன் விடாம கமென்ட்ல எண்ணிச் சொல்லுவான். பேசணும்னா வண்டியை ஓரம் கட்டி நிறுத்திட்டுப் பேச வைங்க.

கொரியன் ஆளுங்க சொல்லித்தர்ற வீடியோவைப் பார்த்து செகண்டுக்கு 30 ஃப்ரேம், 1/60 ஷட்டர்னு வச்சிடாதீங்க. அங்க கரன்ட் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. காலேஜ் வராண்டா டியூப் லைட்டுல பட்டை பட்டையா ஓடும். 25 ஃப்ரேம், 1/50. இது ஒண்ணை மறந்தா ஒரு நாள் ஷூட்டிங் குப்பைக்குப் போகும்.

சத்தத்துக்கு: தோட்டத்துல சில்வண்டு கத்தறதை நிறுத்த முடியாது. ஒவ்வொரு இடத்துலயும் யாரும் பேசாம ஒரு நிமிஷம் தனியா ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கங்க. இல்லாட்டி ஒவ்வொரு கட்டுக்கும் சில்வண்டு ஆரம்பிக்கும், நிக்கும்.

அனுமதி: காபி எஸ்டேட்னா உரிமையாளர் கையெழுத்து, காட்டுப் பகுதின்னா வனத்துறை. ஏரிப் பக்கமும் லேடீஸ் சீட்டும் சனி ஞாயிறுல கால் வைக்க முடியாது. செவ்வாய், புதன்ல போங்க. போற வழியில மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்ப்பீங்க. 1935-ல ஆரம்பிச்ச ஸ்டூடியோவுல மிச்சம் நிக்கறது அதுதான். ஒரு ஷாட் எடுத்து வச்சுக்கங்க, எங்கயாச்சும் உதவும்.


மூக்கனேரிக்கரை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ராகிங் விஷயம் எங்க மண்டையில உறைக்கவே இல்லை, ரெண்டு பேரையும் ஒரே வருஷமாக்கியாச்சு. 1/50 எழுதி கேமராவுலயே ஒட்டியாச்சு.

இன்னும் ரெண்டு கேள்வி. ஒண்ணு, அந்த "ஹியோங்". சப்டைட்டில்ல ஒரு இடத்துல பேரைப் போடறாங்க, ஒரு இடத்துல விட்டுடறாங்க. சாங்வூ ஜேயோங்கை அப்படிக் கூப்பிடறதுல ஏதோ இருக்குன்னு தெரியுது, என்னன்னு பிடிபடலை. தமிழ்ல அதுக்கு ஈடா என்ன வைக்கிறது? ரெண்டு, நடிப்பு. எங்க பசங்க ரெண்டு பேருமே புதுசு.


சப்டைட்டில்சாமி:

ஹியோங் என்பது ஓர் ஆண் தன்னைவிட மூத்த ஆணை அழைக்கும் சொல். உடன்பிறந்த அண்ணனையும் அப்படித்தான் அழைப்பார்கள், நெருங்கிய மூத்த நண்பனையும் அப்படித்தான். கல்லூரியில் முறைப்படி அழைப்பதென்றால் 'சொன்பே', இன்னும் மரியாதைக்கு 'சொன்பேநிம்'. சொன்பேவிலிருந்து ஹியோங்குக்கு இறங்குவது ஒரு வாசலைத் தாண்டுவது மாதிரி. வினை விகுதியும் கூடவே தளரும். இந்த சீரிஸில் சாங்வூ விதிமுறைக்காரன், ஆகவே அவன் வாயில் விளி மாறும்போது கொரியக் காதுக்கு அது கதவு திறக்கும் சத்தம். ஆங்கில சப்டைட்டில் அங்கே வெறும் பேரைப் போட்டுவிட்டுப் போகிறது. இது சீரிஸின் குறையா என்றால் இல்லை. ஆனால் கொரிய மொழி தெரியாதவர் பார்க்கும் 'செமன்டிக் எரர்' பாதி ஊமைப்படம் என்பதை நினைவில் வையுங்கள். சில சீன்கள் தட்டையாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

தமிழில் 'அண்ணா' என்று நேராகப் போட்டால் தீர்ந்தது கதை. நம் காதில் அண்ணன் என்றால் அண்ணன்தான். பேருந்தில் இறங்கும்போது நடத்துநரிடம் சொல்லும் அண்ணாவாக இருந்தாலும் சரி, காதல் அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

ஆனால் நம்மிடம் கொரியர்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது: மச்சான். உறவுமுறையில் அது கட்டிக்கொள்ளும் வரிசையில் நிற்கும் சொல். பெண் சொன்னால் காதலன் அல்லது கணவன். இரண்டு பையன்கள் சொல்லிக்கொண்டால் வெறும் நண்பன். நாள் முழுக்க "மச்சான் மச்சான்" என்று கூப்பிடுகிற ஒருவன், ஒருநாள் அந்தச் சொல்லைச் சொல்ல வந்து நிறுத்திவிட்டுப் பேரைச் சொல்கிறான் என்று எழுதுங்கள். விளக்கமே வேண்டாம், பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும்.

இரண்டாவது கருவி, நீங்க–நீ. உங்கள் சேலத்துப் பேச்சில் இன்னும் வசதி. வாங்க, போங்க, இருக்குதுங்க என்று எல்லாவற்றிலும் 'ங்க' ஒட்டிக்கொள்ளும். சண்டையில் இருப்பவன் வேண்டுமென்றே 'ங்க' போட்டுப் பேசுவது ஒரு குத்தல். அது உதிர்கிற இடம் எது என்று முன்கூட்டியே முடிவு செய்து, ஆறு எபிசோடிலும் விளிச்சொற்களை மட்டும் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு வரிசை மாறும்போது நடிகர்கள் இதைத்தான் முதலில் குழப்புவார்கள். மூன்றாம் எபிசோடில் 'நீ' என்றவன் நான்காவதில் காரணமில்லாமல் 'நீங்க' என்றால் யாருக்கும் சுட்டிக்காட்டத் தெரியாது, ஆனால் எல்லாருக்கும் உறுத்தும்.


கத்தரிக்கோல்:

மச்சான் பாயின்ட் பிரமாதம், நானே எங்கயாச்சும் திருடிக்குவேன்.

நடிப்புக்கு: சாங்வூவா வர்ற ஜேச்சான், ஜேயோங்கா வர்ற பார்க் சொஹாம் ரெண்டு பேருமே பாட்டுக் குழுவுல இருந்து வந்தவங்க. ஒருத்தர் டிகேஇசட், இன்னொருத்தர் முன்னாடி கேஎன்கே. தேர்ந்த நடிகர்கள்னு சொல்ல முடியாது. அதை மறைச்சது பாத்திரத்தோட அமைப்பு. சாங்வூவுக்குச் சிரிப்பே வராது, குரல் ஒரே மட்டத்துல இருக்கும். புது நடிகருக்கு இது வரப்பிரசாதம். முகத்தை அசைக்காம வச்சிருந்தாலே பாதி நடிப்பு ஆச்சு. அதுக்கப்புறம் தொப்பி விளிம்பு கொஞ்சம் மேல போனாலே பெரிய நிகழ்ச்சியா தெரியும். உங்க ரெண்டு பேர்ல யார் பலவீனமோ அவருக்கு அந்தப் பாத்திரத்தைக் கொடுங்க. வாயாடிக்குத்தான் நிஜமான நடிகர் வேணும். பொதுவா தப்பு நடக்கறது இங்கதான், நல்லா நடிக்கிறவனை அமைதியா உட்கார வச்சுட்டு, திக்கறவனுக்கு மூணு பக்கம் வசனம் கொடுத்துடுவாங்க.

தேதி விஷயத்துலயும் ஒரு பாடம். கடைசி எபிசோட் வெளிவந்த அதே மார்ச் 10 அன்னைக்குத்தான் சொஹாம் ராணுவச் சேவைக்குப் போனார். சீரிஸ் உச்சத்துல இருக்கும்போது பாதி ஜோடி ஊர்ல இல்லை. உங்க பசங்க வேலை கிடைச்சு பெங்களூர் போறதும் கிட்டத்தட்ட அதேதான். டப்பிங், விட்டுப்போன க்ளோஸப், போஸ்டர் போட்டோ எல்லாம் படப்பிடிப்பு முடிஞ்ச பத்து நாளுக்குள்ள வாங்கிடுங்க. முடி வெட்டிக்கிட்டான்னா ஒண்ணும் செய்ய முடியாது.

செவ்வாய்ப்பேட்டைக்காரி கிட்ட ஒரு மாறுபாடு. குமிழியை உடைச்ச கொரியன் சீரிஸும் இருக்கு. 2023-ல வந்த 'தி எய்த் சென்ஸ்' பாருங்க. 10 எபிசோட், ராணுவத்துல இருந்து திரும்பினவன், மனநல ஆலோசகர் கிட்ட உட்கார்ந்து பேசற சீன், சர்ஃபிங் கிளப். கனம் நிறைய இருக்கு. ஆனா அந்தக் கனத்துக்கு நீண்ட மௌனமும் கடலும் தேவைப்பட்டுச்சு. 72 நிமிஷத்துல அது முடியாது. குமிழியைத் தெரிஞ்சே வச்சுக்கறது ஒரு சிக்கனம்னு நினைக்கிறேன்.


செவ்வாய்ப்பேட்டைக்காரி:

சிக்கனம் சரி. நான் கேட்டது பத்து செகண்ட் போன் மட்டும்தான். அந்த ரிங்டோனை ஆறு எபிசோட்லயும் மாத்தாம வச்சாங்கன்னா அம்மா முகத்தைக் காட்டக்கூடத் தேவையில்லை. உங்க கணக்குல ஒரு சீனுக்குப் பதினஞ்சு வரி, இதுக்கு ஒரு வரிகூட செலவு இல்லை.


கத்தரிக்கோல்:

ரிங்டோனுக்கு ஒத்துக்கறேன்.


மூக்கனேரிக்கரை:

போன் உண்டு, அருவா இல்லை. முடிவாச்சு. சேர்வராயன்காடு, கடைசியா ஒண்ணு. அவங்க சீரிஸ்ல எல்லாம் செர்ரிப் பூ உதிர்ற மாதிரி ஒரு சீன் வச்சே தீருவாங்களே, ஏற்காட்டுல அதுக்கு ஏதாவது வழி உண்டுங்களா? எந்த மாசம் போறது?


சேர்வராயன்காடு:

செர்ரி எதுக்குங்க, காபிப் பூ இருக்கு. மார்ச், ஏப்ரல்ல ஒரு கோடை மழை நல்லா பெய்யணும். பெய்ஞ்சு எட்டுப் பத்து நாள்ல தோட்டம் பூராவும் ஒண்ணா பூக்கும். கிளை நெடுக வெள்ளையா, மல்லிகை மாதிரி வாசம். ரெண்டு மூணு நாள்தான், அப்புறம் பழுத்துக் கருகிடும். அதனால தேதியை முன்னாடியே குறிக்க முடியாது. எஸ்டேட்ல ஒருத்தர் நம்பரை வாங்கி வச்சுக்கிட்டு, மழை பெய்ஞ்ச அன்னைக்கே போன் போடச் சொல்லுங்க. அன்னையில இருந்து எண்ணுங்க. பூத்த முதல் நாள் காலையில ஆறரையில இருந்து ஒன்பது வரைக்கும் வெளிச்சம் மெத்துனு இருக்கும். அப்புறம் தேனீ வந்துடும், காலர் மைக்குல ரீங்காரம் மட்டும்தான் கேட்கும். கிளையை உலுக்கிப் பூவை உதிர வைக்கலாம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அது அடுத்த வருஷத்துக் காபி, எஸ்டேட்காரர் அப்பவே வெளியே அனுப்பிடுவாரு.

மழை தள்ளிப் போச்சுன்னா ஏப்ரல் கடைசிக்குள்ள பூ இல்லாமயே எடுத்து முடிச்சிருங்க. மே மாசம் கோடை விழா வந்துடும், அப்புறம் ரூமும் கிடைக்காது, மலை ஏற ரோடும் கிடைக்காது.